மூளை ஆறு எண்டா என்ன அர்த்தம்?

போன மாதம் ஒரு இரவு, இஷாவுக்குப் பிறகு தொடங்கிய எங்கட விளையாட்டு ஒரு விடுகதையில் வந்து நின்றுபோனது. கதைப்படி நாங்கள் நிற்பது ஒரு பாழடைந்த மண்டபத்தில். முன்னால் ஒரு கல் கதவு. கதவு ஒரு விடுகதை போடுகிறது. விடை சொன்னால்தான் திறக்கும். ஐந்து பேரும் யோசித்துக்கொண்டிருக்க, எங்களில் ஒருவன் பட்டென்று விடையைச் சொல்லிவிட்டான். சரியான விடை.

"டேய், உன்ட ஆளுக்கு மூளை ஆறு. அவனுக்கு எப்பிடி இது விளங்கும்?"

"எனக்கு விளங்கிட்டுது. பொறகு வாய மூடிக்கிட்டு இரிக்கவா செல்ற?"

அரை மணித்தியாலம் சண்டை. கதவு திறக்கவில்லை. விளையாட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனோம். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் அதே கதைதான். ஒரு பேப்பரில் எழுதிய ஆறு என்ற இலக்கம் ஒருத்தனுடைய வாயை மூட முடியுமா? எங்களுக்குள் கதைத்து வந்த முடிவைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சிறிய விளக்கம். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் எழுதியது. நாலைந்து பேர் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவர் கதை நடக்கும் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்துக்குள் போவார்கள். "நான் மதில் ஏறிக் குதிக்கிறன்" என்று நீங்கள் சொன்னால், அது நடக்குமா இல்லையா என்று சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருட்டுவோம். போர்டு வேண்டாம், காய் வேண்டாம். ஆளுக்கொரு பேப்பர் போதும். அடிப்படை விதிகள் அடங்கிய ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. யாரும் எடுக்கலாம், யாரும் மொழிபெயர்க்கலாம். இருபது முக டைஸுக்கு நாங்கள் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறோம். சாதாரண டைஸ் லூடோப் பெட்டியில் இருந்து வந்தது.

ஒவ்வொரு பேப்பரிலும் ஆறு இலக்கங்கள் இருக்கும். ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷன், இன்டெலிஜன்ஸ், விஸ்டம், கரிஸ்மா. இவற்றைத் தமிழாக்கப் போய்த்தான் எங்களுக்கு முதல் பாடம் கிடைத்தது. பலம், லாவகம், தாக்குப்பிடிப்பு என்று மூன்று பெயர்கள் சுலபமாக வந்துவிட்டன. இன்டெலிஜன்ஸும் விஸ்டமும்தான் இடித்தன. அறிவு, விவேகம் என்று போட்டுப் பார்த்தோம். பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. கடைசியில் எங்கட உம்மாமார் ஏசும் ஏச்சில்தான் சொல் கிடைத்தது: "அவனுக்கு மூளை இரிக்கி, புத்திதான் இல்ல." அதோடு மூளையும் புத்தியும் முடிவாகின. கரிஸ்மாவுக்கு முகராசி என்று வைத்தோம். பெயர் வைத்ததோடு அர்த்தமும் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். அது பிழை.

இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நாங்கள் பழைய முறையில் மூன்று சாதாரண டைஸை உருட்டிக் கூட்டுகிறோம். ஆகக் குறைந்தது 3, ஆகக் கூடியது 18. மூன்று டைஸ் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 216. அதில் 10 அல்லது 11 வருவது 54 விதத்தில், அதாவது சரியாகக் கால்வாசி. 18 வருவது ஒரே ஒரு விதத்தில். 6 அல்லது அதற்குக் குறைவாக வருவது 20 விதத்தில், அதாவது நூற்றுக்கு ஒன்பது பேர் மாதிரி. ஆகவே ஆறு என்பது கிலோ மாதிரியோ லீற்றர் மாதிரியோ ஒரு அளவு இல்லை. "இவனிடம் ஆறு துண்டு மூளை இருக்கு" என்று அது சொல்லவில்லை. ஒரு கூட்டத்தை வரிசையில் நிறுத்தினால் இவன் எந்த இடத்தில் நிற்பான் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

ஏ.எல். எழுதிய யாருக்கும் இது புதுக்கதை இல்லை. இசட் புள்ளி செய்வதும் இதே வேலைதான். ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பார்கள். வேறு வேறு பாடம் எடுத்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும், பச்சைப் புள்ளியை அப்படியே ஒப்பிட்டால் அநியாயம் என்பதற்காக வந்த முறை அது. மூன்று டைஸுக்குச் சராசரி 10.5, நியம விலகல் கிட்டத்தட்ட 3. மூளை ஆறு உள்ள பாத்திரத்துக்கு இசட் புள்ளி கணித்தால் சுமார் மறை 1.5 வரும். எங்கட விளையாட்டுப் பேப்பரும் பரீட்சைப் பெறுபேற்றுப் பேப்பரும் ஒரே பாஷைதான் பேசுகின்றன.

அந்தப் பாஷையில் ஒரு ஆபத்து இருக்கிறது. யாரோடு சேர்த்து வரிசையில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து இலக்கம் மாறும். 2011 உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்ததால் வழக்கு வந்தது. 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை நீக்கி, மீண்டும் கணிக்க வைத்தது. பிள்ளைகள் மறுபடி பரீட்சை எழுதவில்லை. விடைத்தாள் அதே விடைத்தாள். ஆனால் இலக்கம் வேறு. இதற்கு மேல், பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று அனுமதி பிரிக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய பட்டியலில் எங்கட அம்பாறையும் இருக்கிறது. ஒரே இசட் புள்ளி ஒரு மாவட்டத்தில் வெட்டுப்புள்ளிக்கு மேலே, இன்னொரு மாவட்டத்தில் கீழே. இந்த ஒதுக்கீடு சரியா பிழையா என்பது வேறு கதை. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: இலக்கம் ஒரு ஆளுக்குள் இருந்து எடுக்கப்படுவதில்லை. ஆளுக்கும் ஒரு கூட்டத்துக்கும் ஒரு விதிப்புத்தகத்துக்கும் நடுவில் அது உண்டாகிறது.

சரி, விளையாட்டுக்குள் அந்த ஆறு உண்மையில் என்ன செய்கிறது? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம். இப்போதைய விதிப்படி இலக்கத்தில் இருந்து பத்தைக் கழித்து இரண்டால் பிரித்து, பின்னம் வந்தால் கீழே இறக்க வேண்டும். ஆறுக்கு மறை 2. பதினெட்டுக்கு நேர் 4. இருபது முக டைஸை உருட்டி அதோடு இதைக் கூட்ட வேண்டும். நடுத்தரமான கஷ்டம் உள்ள ஒரு வேலைக்கு 15 தேவை என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆள் நூற்றுக்கு 30 தடவை வெல்வார். மூளை ஆறு உள்ளவர் 20 தடவை. மூளை பதினெட்டு உள்ள மேதை 50 தடவை. அவ்வளவுதான். 216இல் ஒருத்தராகப் பிறந்த மேதையும் பாதித் தடவை தோற்கிறார். நாங்கள் "மொக்கன்" என்று சிரித்த ஆளும் ஐந்தில் ஒரு தடவை வெல்கிறார்.

அந்த ஆறு ஒரு ஆளின் வர்ணனை இல்லை. டைஸ் உருளும்போது அது அந்த ஆளுக்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கான கணக்கு. டைஸ் உருளாத நேரத்தில் ஆறுக்கு வாயே இல்லை. அன்றைக்கு இரவு யாருமே டைஸ் உருட்டவில்லை. உருட்டாமலே ஆறைத் தூக்கி ஒருத்தனின் வாயில் அடைத்தோம்.

எதை அளப்பது என்பதும் வானத்தில் இருந்து வந்ததில்லை. விளையாட்டை எழுதியவர்கள் எடுத்த முடிவு. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மூளையையும் புத்தியையும் பிரித்தது. 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு புத்தியைக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பதில் மூளை வேறு, படிப்பு வேறு என்று இரண்டு இலக்கம் வைத்தது. சமூக அந்தஸ்துக்கும் ஒரு இலக்கம் வைத்தது. கெட்டிக்காரனாக இருந்தும் படிக்க வழியில்லாமல் போன ஒருத்தனை அந்தப் பேப்பரில் எழுதலாம். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பேப்பரில் அவனுக்கென்று ஒரு கட்டம் இல்லை. 1978இல் வந்த அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகம் பெண் பாத்திரங்களின் பலத்துக்கு ஆண்களை விடக் குறைந்த உச்ச வரம்பு போட்டிருந்தது. 1989 பதிப்பில் அது இல்லை. பிறந்த இனத்தை வைத்து இலக்கத்தைக் கூட்டும் முறையும் நெடுங்காலம் இருந்தது. 2024 விதிப்புத்தகத்தில் அந்தக் கூட்டல், பாத்திரம் எப்படி வளர்ந்தது, என்ன தொழில் செய்தது என்ற பின்னணிக்கு மாறிவிட்டது. விதி எழுதுகிறவர் மாறினால் அளவுகோலும் மாறும்.

எங்கட ஊர்ப் பக்கம் வாருங்கள். வரம்பில் நின்று பார்த்தே தண்ணி கடைசிக் காணி வரைக்கும் போகுமா போகாதா என்று சொல்லும் வட்டவிதானையார் இருக்கிறார். வக்கடையை எவ்வளவு வெட்டினால் பக்கத்துக் காணிக்காரன் சண்டைக்கு வராமல் இருப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். இது மூளையா, புத்தியா, முகராசியா? குளத்தில் தோணி விடுகிறவர் காத்தைப் பார்த்து எந்தப் பக்கம் வலை போடலாம் என்கிறார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? விடுகதை என்ற பொருளையே எடுங்கள். எங்களுக்கு விடுகதை போட்டது யார்? மூத்தம்மாமார். பாதிப் பேர் பள்ளிக்கூடப் படியை ஒழுங்காக மிதிக்காதவர்கள். பரீட்சை வைத்தால் அவர்களுக்கு என்ன இலக்கம் வந்திருக்கும்? ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போன இரவில், பல்கலைக்கழகம் போன பேரனைத் திணற வைத்தது அவர்கள்தான். மூளை ஆறு உள்ளவனுக்கு விடுகதை விளங்காது என்று சொன்னது, எங்கட வீட்டை நாங்களே மறந்துபோய்ச் சொன்ன கதை.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. உண்மையில் எங்களைச் சுட்டது வேறொன்று. விடுகதைக்கு விடை சொன்னவன், ஏ.எல். பெறுபேறு வந்த பிறகு மூன்று கிழமை எங்களோடு விளையாட வராமல் இருந்தவன். அவன் ஆசைப்பட்ட பாடநெறிக்கு வெட்டுப்புள்ளி காணாது. அன்று குழுவில் ஒரே ஒரு வரி போட்டான்: "நம்மட மூளை ஆறுதானே மச்சான்." நாங்கள் ஸ்டிக்கர் போட்டுச் சிரித்தோம். அவனும் சிரிக்கிறான் என்று நினைத்தோம். பிறகு அவனாகத் திரும்பி வந்தான். வந்த இரண்டாவது தடவை ஒரு விடையைச் சொன்னான். உடனே நாங்கள் "உன்ட ஆளுக்கு மூளை ஆறு" என்றோம். வீட்டில், கலியாண வீட்டில், சந்தியில் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்த கதையை நாங்களும் சொன்னோம். நாங்கள் சொன்னது பாத்திரத்தைத்தான். அவனுக்குக் கேட்டது வேறு.

அப்படியென்றால் இலக்கமே வேண்டாமா? குழுவில் ஒருத்தர் அப்படித்தான் சொன்னார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுக் கதைய மட்டும் செல்லுவம்." நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், எங்களோடு வீட்டில் இருந்து போனில் விளையாடும் ராத்தா. ஆள் அதிகம் பேசமாட்டா. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் மைக்கை மூடிவிடுவா. ஆனால் அவவுடைய பாத்திரத்துக்கு முகராசி பதினேழு. ஒரு தடவை கோபத்தோடு நின்ற ஒரு தளபதியிடம் "படைய திருப்பச் செல்றன்" என்று ஒரே வசனம்தான் சொன்னா. டைஸ் உருண்டது, நேர் 3 கூடியது, படை திரும்பியது. இலக்கம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் வென்றிருப்பது யார்? எங்களில் ஆகச் சத்தமாகக் கதைக்கிறவன்தான். நிசத்தில் எங்களிடம் இல்லாத ஒன்றைக் கதைக்குள் வைத்துக்கொள்ள இலக்கம் இடம் தருகிறது. கூச்சம் உள்ளவர் பேச்சாளராகலாம். மெலிந்த பொடியன் பாறையைப் புரட்டலாம். இந்த விளையாட்டின் ஆகப் பெரிய சந்தோசமே இதுதான். அதை அழிக்க நாங்கள் தயார் இல்லை.

இன்னொரு எதிர்க்கேள்வியும் நியாயமானது. மூளையில் ஆறு வைத்துக்கொண்டு எல்லா விடுகதையையும் அவிழ்க்கலாம், முகராசியில் ஐந்து வைத்துக்கொண்டு வாயால் எல்லாரையும் மடக்கலாம் என்றால், மற்றவர்கள் ஏமாந்தவர்களா? இல்லை. பாழடைந்த மண்டபத்தின் பழைய எழுத்தை வாசிக்க, சாத்திர விசயம் ஞாபகம் வர, மந்திரம் விளங்க டைஸ் உருள வேண்டும். அப்போது மறை 2 நன்றாகவே கடிக்கும். வாயால் மடக்கப் பார்த்தாலும் டைஸ் உருள வேண்டும். நீங்கள் சொன்ன வசனம் நல்ல வசனம் என்றால் வெல்லத் தேவையான இலக்கம் 15இல் இருந்து 12க்கு இறங்கலாம். உருட்டுவது உங்கட முகராசிதான். வசனம் கஷ்டத்தைத் தீர்மானிக்கும், இலக்கம் வாய்ப்பைத் தீர்மானிக்கும். இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

"நடிக்கிறதுதானே விளையாட்டு, மூளை ஆறு எண்டா ஆறு மாதிரி நடி" என்றும் ஒருத்தர் சொன்னார். நடிக்கிறவர் தானாக வாயை மூடிக்கொண்டு, விடை தெரிந்தும் தெரியாத மாதிரி முழித்தால் அது அழகான நடிப்பு. நாங்களும் கைதட்டுவோம். ஆனால் அது அவர் எடுக்கும் முடிவு. பக்கத்தில் இருப்பவர் அவருக்குப் போடும் உத்தரவாக அது மாறக்கூடாது.

கிரிக்கெட்டில் இதை நாங்கள் எப்போதோ விளங்கிக்கொண்டோம். முரளிதரனின் டெஸ்ட் துடுப்பாட்டச் சராசரி 12ஐக் கூடத் தொடாது. டெஸ்ட் விக்கெட் 800. அவருக்கு பெட் பிடிக்கத் தெரியாது என்று யாரும் அவரை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. கடைசியில் இறக்கினார்கள், பந்தைக் கையில் கொடுத்தார்கள். கடைசியில் இறங்கினாலும் மட்டையைச் சுழற்ற வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் சிக்ஸ் அடித்தால் அதுவும் ஆறு ஓட்டம்தான். சராசரி குறைவு என்று நாலாகக் குறைப்பதில்லை.

இப்போது எங்கட மேசையில் மூன்று விசயம் முடிவு. ஒன்று, டைஸ் உருளாத இடத்தில் இலக்கம் பேசாது. இரண்டு, பேசக் கஷ்டப்படுகிறவருக்காக அவருடைய இலக்கம் பேசலாம். மூன்று, ஒருத்தரின் இலக்கத்தை எடுத்து இன்னொருத்தர் அவருடைய வாயை அடைக்கக்கூடாது. இலக்கம் ஆளைத் தூக்கிவிடலாம். அமுக்கக்கூடாது. விளையாட்டுக்கு வெளியேயும் இப்படி இருந்தால் நல்லம் என்று சொல்லத் தோன்றுகிறது. இசட் புள்ளி ஒரு பாடநெறிக்கு யாரை எடுப்பது என்று வரிசை போடப் பயன்படட்டும். அந்த வேலைக்கு ஏதோ ஒரு வரிசை வேண்டும்தான். வரிசை போட்டு முடிந்த பிறகும் அதே இலக்கத்தைக் கொண்டுவந்து வீட்டு மேசையில், கலியாணப் பேச்சில், கூட்டாளிமார் பகிடியில் ஒருத்தனின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு எந்த விதிப்புத்தகத்திலும் இடம் இல்லை. அதைச் செய்வது நாங்கள்தான்.

அடுத்த விளையாட்டில் கதைசொல்லி விட்ட இடத்தில் இருந்தே தொடங்கினார். "கதவுக்கு விடை கேட்டிச்சி," என்றார். "திறக்கிது." அவனுடைய பாத்திரம் முதலில் உள்ளே போனது. உள்ளே ஒரு சுவர் முழுக்கப் பழைய எழுத்து. அவன்தான் வாசிக்கப் பார்த்தான். டைஸ் உருட்டினோம், நாலு விழுந்தது, மறை இரண்டு, ஒண்டும் விளங்கவில்லை. எல்லாரும் சிரித்தோம். இந்தத் தடவை அவனும் சிரித்தது போனில் கேட்டது.